பன்னிரண்டாம் பக்கத்து மணல்

எங்கள் பதிவுக் கச்சேரியின் ஏட்டறையை முப்பத்தோராண்டு காத்து, தாது வருஷம் ஐப்பசித் திங்களின் இறுதி நாளாகிய இன்று மாலை ஐந்து மணிக்குப் பணியினின்று ஓய்வு பெறும் ஏட்டறைக் காப்பாளர் உயர்திரு தேவசகாயம் அவர்களுக்கு, உடனூழியர் யாவரும் ஒருங்கே கூடி உவந்து வாசித்தளிக்கும் மடல்.

ஏடு காத்த ஏந்தலே! தூசிக்கு அஞ்சாத தூயவரே! மையின் வயதை முகர்ந்தே உரைக்கும் மதியூகியே! கரையானுக்குக் காலனே! கையெழுத்துக்குக் காவலரே! காஞ்சிமாநகரின் கலியாணங்களுக்கெல்லாம் கண்காணியே! எங்கள் தேவசகாயனாரே! வணக்கம், வணக்கம், வணக்கம்!

இம்மடலை எழுதப் பணிக்கப்பட்டவன் தலைமை எழுத்தன் பாஷ்யம். கண்ணாடிச் சட்டத்துக்குள் அடங்கும்படி முப்பது வரியில் முடிக்குமாறு நண்பர்கள் கேட்டுக்கொண்டார்கள். அடைமொழிகள் மட்டுமே பத்து வரியைத் தின்றுவிட்டன; சொல்ல வேண்டியதோ மலைபோல் கிடக்கிறது. ஆகவே சட்டத்தைப் பெரிதாகச் செய்யும்படி ஆசாரிக்குச் சொல்லியனுப்பிவிட்டேன். அவன் முணுமுணுத்தான். முணுமுணுக்கட்டும்.

நேரந்தவறா நெறியாளரே! கச்சேரி மணி அடிக்குமுன் தாங்கள் வராத நாளில்லை. மாலை மணி அடிக்குமுன் தாங்கள் போன நாளுமில்லை. மழையில் ஒழுகிய கூரைக்குக் கீழே குடையைப் புத்தக அடுக்குக்குப் பிடித்து, தாங்கள் நனைந்துகொண்டே நின்றதை இக்கண்களால் கண்டிருக்கிறேன். அன்று நான் சிரித்தேன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனெனில் இம்மடலில் ஒப்புக்கொள்ள வேண்டியவை இன்னும் இருக்கின்றன.

தங்கள் அறையிலுள்ள ஏடுகளில் எங்கள் எல்லோருக்கும் தலைவலி தந்தவை பழைய மிஷன் கலியாணப் புத்தகங்கள்தாம். நகரைச் சுற்றியிருந்த சிறு சபைகள் ஒவ்வொன்றாய்க் கலைந்தபோது அவற்றின் புத்தகங்கள் எங்களிடம் வந்து சேர்ந்தன. அத்தனையும் இங்கிலீஷ். மணம் செய்துகொண்டவர்களுக்கோ அவ்வெழுத்து தெரியாது. காட்டிய இடத்தில் கீறல் போட்டுவிட்டுப் பந்திக்குப் போய்விட்டார்கள். தங்களைப் பற்றி என்ன எழுதப்பட்டதென்று அறியாமலே வாழ்ந்து, பிள்ளை பெற்று, பேரன் எடுத்து, மண்ணுக்குள்ளும் போய்விட்டார்கள். பிற்பாடு யாரேனும் வந்து கேட்கும்போதுதான் வில்லங்கம் வெளியே வரும். ஒரே கலியாணம், ஒரே நாள், மணம் செய்துவைத்த பாதிரித் துரையும் ஒருவரே. ஆனால் புத்தகத்தில் ஓர் ஊர், மேலிடத்துக்குப் போன நகலில் வேறோர் ஊர்!

நான் என்ன செய்வேன்? இரண்டிலொன்று பொய் என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவேன். தாங்களோ மூடமாட்டீர்கள். "ஊரு பொய் சொல்லாது சார். எந்த ஊர கேக்கறோம்னு நாமதான் சரியா கேக்கணும். ஆளு வந்த ஊரு ஒண்ணு, நின்ன ஊரு ஒண்ணு, புஸ்தகம் குந்திக்கினு இருந்த ஊரு ஒண்ணு" என்பீர்கள். வாலாஜாபேட்டை மாப்பிள்ளை ஒருவனைச் சின்ன காஞ்சிபுரத்தான் என்று ஏடு சொன்னபோது, தாங்கள் தெருத்தெருவாய்ப் போய் விசாரித்தீர்கள். பெண் வீட்டாரின் சபையில் கலியாண அறிவிப்பாகிய ஓலையை வாசிக்க வேண்டுமானால் அவன் அந்தச் சபை எல்லைக்குள் சில நாள் குடியிருக்க வேண்டுமாம். அதற்காக வளையல்காரர் ஒருவரின் பின்கட்டு அறையில் பதினைந்து நாள் தங்கியிருக்கிறான். ஏடு எழுதியவன் அன்றைக்கு அவன் படுத்திருந்த ஊரை எழுதிவிட்டான். இரண்டு தாளும் மெய். இதைத் தாங்கள் விளக்கியபோது நான் கொட்டாவி விட்டேன்.

ஆனால் அந்த ஓரிக்கைப் புத்தகம்! அதை நினைத்தால் இந்த மழைக்கால மாலையிலும் எனக்கு முதுகு சில்லிடுகிறது, தேவசகாயனாரே.

அவையோர் அறியும்பொருட்டுச் சொல்கிறேன். பாலாற்றங்கரையில், ஓரிக்கையில், ஒரு சிற்றாலயம் இருந்தது. சோபகிருது வருஷத்து ஐப்பசி வெள்ளம் ஒரு விடியற்காலையில் அதைச் சுவரும் மணியுமாய் எடுத்துக்கொண்டு போயிற்று. ஆலயத்தோடு ஒட்டிய வீட்டில் குடியிருந்த உபதேசியார் காசிநாதன், சபையின் சிறு காரியங்களைப் பார்த்து வந்த மனிதர், மதம் மாறியும் பெயரை மாற்றிக்கொள்ளாதவர், தம் ஒரே மகளோடு போய்விட்டார். இருவர் உடலும் அகப்படவில்லை. ஆலயத்தின் கலியாணப் புத்தகம் மட்டும் தப்பியது; அது சில நாள் முன்புதான் துரையின் பார்வைக்காக நகரத்துக்குப் போய், அவர் பங்களாவில் இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. அந்தப் புத்தகத்தின்மேல் ஆற்றுத்தண்ணீர் ஒரு சொட்டும் பட்டதில்லை.

அப்படியிருந்தும் தாங்கள் அதை எடுக்கும் நாளெல்லாம் தரையில் மணல் கிடக்கும்.

இங்கே இன்னொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தாங்கள் பணியேற்ற நாளிலிருந்து ஏட்டறைக்கும் என் மேசைக்கும் நடுவே ஒரு வாசற்படி இருந்தது. ஏட்டைத் தாங்கள் அந்தப் படியில் வைப்பீர்கள். தாங்கள் விலகிய பின் நான் எடுப்பேன். அப்படி ஒரு வழக்கத்தை எவரும் சட்டமாக எழுதவில்லை. நான் ஏற்படுத்தியது. ஒரு நாள் அப்புத்தகத்தை எடுத்தபோது என் வேட்டி மடிப்பில் சரசரவென்று ஏதோ விழுந்தது. "என்ன ஓய் இது, புஸ்தகத்திலேருந்து மணல் கொட்டறது?" என்று கத்தினேன்.

"பாலாத்து மணல் சார்" என்றீர்கள். துடைப்பத்தை எடுத்துக் கூட்டினீர்கள். அன்று வீட்டுக்குப் போனதும் நான் இரண்டாம் முறை ஸ்நானம் செய்தேன். வெக்கையாக இருக்கிறது என்று அகத்தில் சொல்லிக்கொண்டேன்.

இவ்வாறிருக்கப் பிரபவ வருஷத்துப் புரட்டாசியில் வந்தது வினை. கங்கையம்மாள் என்னும் கைம்பெண்ணின் மகள் காந்தாவுக்கு மணம் நிச்சயமாகி, ஆலயத்தில் ஓலை வாசிக்கப்பட்டது. மூன்று ஞாயிறு வாசிப்பார்கள்; தடை அறிந்தவர் எழுந்து சொல்லலாம். இரண்டாம் ஞாயிறு மாப்பிள்ளையின் தாய்மாமன் முறையுள்ள பரசுராமன் எழுந்தான். தன் மகளை அந்தப் பையனுக்குக் கொடுக்க நினைத்து ஏமாந்தவன். "இந்தப் பொண்ணோட ஆயிக்கு முறையா கல்யாணமே ஆவலபா. காயிதம் வச்சிக்கினுதான் சொல்றேன்" என்றானாம்.

காகிதம் அவன் கையில் இருந்தது உண்மை. கொடுத்தவன் நான்.

மனுப் போட்டுக் கேட்டான். ஏட்டின் பக்கத்தையும் மேலிடத்து நகலையும் ஒப்பிட்டேன். கங்கையம்மாளுக்கும் மாசிலாமணிக்கும் குரோதி வருஷத்து வைகாசியில், வெள்ளத்துக்கு ஆறேழு மாதம் பிற்பட்டு, நடந்த மணம் அது. மணம் நடந்த இடம் ஓரிக்கை ஆலயம் என்கிறது ஏடு. திருப்பருத்திக்குன்றம் என்கிறது நகல். ஓரிக்கையில் அப்போது ஆலயமே இல்லை. அதனினும் கொடுமை, ஏட்டில் முதற்சாட்சியாகக் கையொப்பமிட்டிருப்பவர் உபதேசியார் காசிநாதன், வெள்ளத்தில் போனவர்! "இடம் ஒவ்வாது, சாட்சி மணநாளுக்கு முன்பே இறந்தவர், நம்பத்தக்கதன்று" என்று சிவப்பு மையில் குறிப்பெழுதி, முத்திரையும் குத்தினேன். என் கூர்மதியை நானே மெச்சிக்கொண்டு அன்று இரண்டு டம்ளர் காபி சாப்பிட்டேன். அந்த மூன்று வரியால் ஒரு பெண்ணின் மணம் நிற்கப்போகிறது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

திங்களன்று கங்கையம்மாள் வந்தாள். அழவில்லை. மேசைக்கு முன்னால் நின்று என்னை நேராகப் பார்த்தாள்.

"சாமி, நான் நின்னேன். திருப்பருத்திக்குன்றத்துல கீத்துக் கொட்டாயில நின்னேன். எங்க கோயிலு ஆத்தோட பூடுச்சின்னு தொர அங்கதான் எல்லாருக்கும் கல்யாணம் பண்ணி வச்சாரு. ஓரிக்கைன்னு எவரு எழுதனாங்களோ எனக்கு இன்னா தெரியும்? கீறு போடுன்னாங்க, போட்டேன். இன்னிக்கி என் பொண்ண ஊரே அப்பன் பேரு தெரியாதவன்னு சொல்லுது. நீங்க எழுதனதுதான் சாமி, நீங்களே சொல்லுங்க."

சாட்சி இறந்தவராயிற்றே என்று இழுத்தேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "அது எனக்குத் தெரியாது. ஆனா தாலி கட்டறப்ப மணி அடிச்சுது சாமி. எங்க கோயிலு மணி."

அது அவ்வூர் ஜைனர் கோயில் மணியாக இருக்கும் என்றேன்.

"பொறந்ததுலேர்ந்து கேட்டுக்கினு இருந்த மணி. எனக்குத் தெரியாதா? கொட்டாயில இருந்த எல்லாரும் ஆத்துப் பக்கம் திரும்பிப் பாத்தாங்க. அப்பறம் யாரும் அதப் பத்திப் பேசிக்கல."

அவள் இதைச் சொல்லும்போது தாங்கள் அடுக்கின் முன் எங்களுக்கு முதுகு காட்டி நின்றிருந்தீர்கள். திரும்பவில்லை. ஆனால் கையிலிருந்த துடைப்பம் அப்படியே நின்றுவிட்டது. அதை நான் பார்த்தேன்.

மூன்றாம் ஞாயிறுக்கு ஆறு நாள் இருந்தது. செவ்வாய், புதன், வியாழன் கழிந்தன. எந்தப் புத்தகத்தையும் விட்டுவைக்காத தாங்கள் அந்தப் புத்தகத்தைத் தொடவேயில்லை. எனக்குக் கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை நடுப்பகலில், சேவகர் கோதண்டபாணி சாப்பிடப் போயிருந்த வேளையில், அந்த வாசற்படியை நான் தாண்டினேன். அதுவரை தாண்டியதில்லை. "ஊரார் கலியாணத்துக்கெல்லாம் காலில் சக்கரம் கட்டிண்டு அலைவீரே, இதுக்கு மட்டும் என்ன?" என்று கேட்டேன்.

தாங்கள் புத்தகத்தை எடுத்து மேசைமேல் வைத்தீர்கள். திறக்கவில்லை. அதன்மேல் கையை வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், தாங்கள் சொன்னதை இந்த அவையில் சொல்ல நேற்றுத்தான் தங்களிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க சார், இனிமே இன்னா" என்றீர்கள்.

உபதேசியார் காசிநாதனின் மகள் பெயர் ரேணுகாம்பாள். அவளைத் தங்களுக்குப் பேசியிருந்தார்கள். அந்த வருஷம் தை மாதம் ஓரிக்கை ஆலயத்தில் மணம் என்று முடிவாகியிருந்தது. தாங்கள் செங்கல்பட்டில் படித்துக்கொண்டிருந்தீர்கள். வெள்ளம் வடிந்து, பாதை திறந்து, தாங்கள் வந்து சேர்ந்தபோது ஆலயம் இருந்த இடம் ஆற்றுமணலாயிருந்தது. ஏழாண்டுகள் கழித்து அந்தப் புத்தகம் எங்கள் கச்சேரிக்கு வந்தபோது அதை அடுக்கில் சேர்க்கும் வேலை தங்களுக்கு வாய்த்தது. புரட்டினீர்கள். வெள்ளத்துக்குப் பிறகு பதினோரு கலியாணங்கள். பதினொன்றிலும் ஓரிக்கை ஆலயம். பதினொன்றிலும் காசிநாதனின் கையொப்பம்.

"ஆத்தோட போனவரு பதினோரு வாட்டி கையெழுத்துப் போடுவாரா சார்?" என்று கேட்டீர்கள். "எங்கியோ கர ஏறிட்டாரு, வந்து வந்து போட்டுட்டுப் போறாருன்னு நெனச்சேன். அவரு இருந்தா அதுவும் இருக்கும் இல்ல?"

அந்தக் கலியாண வீட்டாரில் ஒருவரையாவது கேட்டிருக்கலாமே என்றேன்.

"கேட்டா சொல்லிடுவாங்க சார். அதனாலதான் கேக்கல."

பதினாறு ஆண்டு! ஊரெல்லாம் இறந்துவிட்டார்கள் என்று சொன்ன இருவரை, தாங்கள் ஒரு புத்தகத்துக்குள் உயிரோடு வைத்திருந்தீர்கள். ஆனால் தங்கள் கண் சும்மா இருக்குமா? பாழும் கண்! அது எப்போதோ கண்டுகொண்டுவிட்டது. பெயர், நாள், வயது எழுதிய வரிகளெல்லாம் துரை எழுதியவை, ஒற்றுத்தாளால் ஒற்றிய கறுப்பு மை. இடம் எழுதிய வரியும் சாட்சி வரியும் மட்டும் பழுப்பு மை. அந்த எழுத்துகளின்மேல் பொடிமணல் ஒட்டியிருந்தது. உபதேசியாரிடம் ஒற்றுத்தாள் கிடையாது. ஆற்றுமணலைத் தூவித்தான் ஈரமையை உலர்த்துவார். அதைத் தாங்கள் அவர் வீட்டில் உட்கார்ந்து பார்த்தவர்.

இப்போது எனக்கும் விளங்கத் தொடங்கியது. காசிநாதன் ஊழியத்துக்கு வருமுன் பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறி வீட்டில் வேலை செய்தவராம். நம் ஊரில் மழை பிடித்துக்கொண்டால் தெருவில் பாவு நூலை நீட்ட முடியாது. சும்மா உட்காருவார்களா? வெயில் வந்ததும் தறிக்கு வேண்டுமென்று ஊடை நூலைத் தார்க்குச்சிகளில் சுற்றிச் சுற்றிக் கூடையில் நிரப்பி வைப்பார்கள். அந்தப் பழக்கம் அவர் கையை விட்டுப் போகவில்லை. அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் இரண்டே வரி: ஆலயத்தின் பெயர், தம் பெயர். அதையும் எழுதுவதில்லை, கோலம் போடுவதுபோல் மெல்ல வரைவார். தை பிறந்தால் கலியாணங்கள் அடுத்தடுத்து வரும், துரை அவசரப்படுத்துவார் என்று, மழை நாளில் உட்கார்ந்து வரப்போகும் பக்கங்களிலெல்லாம் அவ்விரண்டு வரியையும் முன்கூட்டியே போட்டு வைத்திருப்பார். அப்படித்தான் இருக்குமோ என்று தங்களுக்குச் சந்தேகம். பதினோராம் கலியாணத்துக்கு அடுத்த பக்கத்தைப் புரட்டினால் தெரிந்துவிடும். அது வெற்றுத்தாளாயிருந்தால் கையொப்பங்கள் உயிருள்ளவருடையவை. அவ்விரண்டு வரியும் அதிலும் இருந்தால்?

"பொரட்டல சார்" என்றீர்கள். "பதினாறு வருஷமா பொரட்டல. அந்தப் பொண்ணு கல்யாணம் நடக்கணும்னா இவங்க ரெண்டு பேரும் செத்தவங்களா ஆவணும்."

வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். எதை வேண்டாம் என்பேன்? தாங்கள் புரட்டினீர்கள்.

வெள்ளத்துக்குப் பின் எண்ணினால் பன்னிரண்டாம் பக்கம். மணமகன் பெயர் இல்லை. மணமகள் பெயர் இல்லை. நாளும் இல்லை. இடம் மட்டும் இருந்தது, ஓரிக்கை ஆலயம். கீழே சாட்சி இருந்தார், காசிநாதன். வரவேண்டியவர்களுக்காகக் காத்திருப்பதுபோல் அந்தப் பக்கம் கிடந்தது. தாளின் மடிப்பிலிருந்து மணல் சரிந்து மேசைமேல் வந்து சேர்ந்தது. எங்கள் இருவர் மூச்சையும் தவிர அறையில் அந்த ஓசைதான். பதின்மூன்று, பதினான்கு, பதினைந்து, பதினாறு, எல்லாவற்றிலும் அப்படியே. அதன் பிறகு வெறுந்தாள்.

தாங்கள் அழவில்லை. "கை பதறாம எழுதியிருக்கிறாரு பாருங்க சார்" என்றீர்கள். நான்தான் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் மேசைக்குப் போனேன்.

வாய்மை வழுவா வள்ளலே! ஞாயிறன்று மேலதிகாரியின் உத்தரவோடு அந்தப் புத்தகத்தை ஆலயத்துக்கு எடுத்துப்போனீர்கள். நானும் வந்தேன், ஆலயத்துக்குள் நான் கால் வைத்தது அன்றுதான், வைத்ததை வீட்டில் சொல்லவில்லை. கங்கையம்மாளும் காந்தாவும் கடைசி வரிசையில், ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஓலை வாசிக்கச் சபைக் குருவாகிய ஐயர் எழுந்ததும் பரசுராமனும் எழுந்தான். "செத்தவன் எப்டிபா சாட்சி சொல்லுவான்?" என்றான்.

"சாவறதுக்கு முன்னாடியே சொல்லிட்டாருபா" என்றீர்கள்.

பிறகு புத்தகத்தை விரித்துப் பன்னிரண்டாம் பக்கத்தைச் சபை மூப்பர்களுக்குக் காட்டினீர்கள். ஆளில்லாத கலியாணத்தைப் பார்த்து அவர்கள் முகம் வெளுத்தது. எந்த வரி யார் எழுதியது, எந்த மை, எந்த மணல், புத்தகம் எங்கே இருந்தது, துரை எங்கே நின்றார், நகல் ஏன் வேறு ஊர் சொல்கிறது என்று பாவு இழை பிரிப்பதுபோல் ஒவ்வொன்றாய்ப் பிரித்து வைத்தீர்கள். ஏடு சொன்னது புத்தகத்தின் ஊர். துரை தாமே எழுதியனுப்பிய நகல் சொன்னது மணமக்கள் நின்ற ஊர். இரண்டாம் சாட்சியாகக் கீறலிட்ட கிழவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். "ஆமாம்பா, கொட்டாயிலதான். நான் இருந்தேன்" என்றார். ஒரு மூப்பர் அந்தக் கையொப்பத்தின்மேல் விரலை வைத்துவிட்டு, மணல் ஒட்டிய விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே, "மூடிடுபா, போதும்" என்றார். பரசுராமன் உட்கார்ந்தான். மூன்றாம் ஓலை வாசிக்கப்பட்டது.

காந்தாவுக்கு இன்று மூன்று குழந்தைகள். கங்கையம்மாள் இதோ இந்த அவையில், தூணோரம் உட்கார்ந்திருக்கிறாள்.

என் சிவப்புக் குறிப்பின் கீழே, "மேற்கண்டது என் பிழை" என்று நானே எழுதிக் கையொப்பமிட்டேன். திங்களன்று முதல் ஏட்டைத் தங்கள் கையிலிருந்தே வாங்கிக்கொண்டேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு ஆண்டு தாமதமாகச் செய்த காரியம். வெட்கமாக இருக்கிறது, சொல்லிவிட்டேன்.

அந்த விசாரணையின் முடிவில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது: ஆள்பெயரின்றிக் கையொப்பமிட்ட ஐந்து பக்கங்களையும் குறுக்கே கோடிட்டு ரத்து செய்க. தாங்கள் உத்தரவை என் மேசையில் வைத்து, "நீங்க அடிச்சிடுங்க சார், என் கையால வேணாம்" என்றீர்கள். ஒன்பதாண்டு அதை மேசையறையில் வைத்திருந்தேன். அந்தத் துரையும் பதினோரு முறை அந்தக் கையொப்பத்தைப் பார்த்தும் அடிக்காமல் விட்டாரே, அவருக்கும் மனம் வரவில்லை போலும்.

நேற்றுப் பகலில் தாங்கள் சாவிகளை ஒப்படைக்கும் பட்டியல் எழுதிக்கொண்டிருந்தபோது நான் ஏட்டறைக்குள் போய் அந்தப் புத்தகத்தைத் திறந்தேன். பதினாறை அடித்தேன். பதினைந்து, பதினான்கு, பதின்மூன்று. பன்னிரண்டுக்கு வந்தேன். பேனாவை வைக்குமுன் மடிப்பிலிருந்து மணல் சரிந்தது. கையால் தள்ளினேன், மீண்டும் சரிந்தது. புத்தகம் இங்கு வந்து இருபத்தைந்து ஆண்டு, தாங்கள் கூட்டிக்கொண்டேயிருக்கிறீர்கள். இரண்டு வரி மையில் எத்தனை மணல் ஒட்டியிருக்கும், தேவசகாயனாரே? என் உள்ளங்கை நிறைந்துவிட்டது. அது ஈரமாயிருந்தது. மழைக்காலம், கூரை ஒழுகுகிறது, அதனால்தான் என்று இப்போதும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பக்கத்தை நான் அடிக்கவில்லை.

நாளை முதல் தாங்கள் ஓரிக்கையில் குடியிருக்கப் போகிறீர்கள். ஆற்றைப் பார்த்த வீடு என்று கேள்விப்பட்டு, வேண்டாமே, சின்ன காஞ்சிபுரத்தில் என் பக்கத்துத் தெருவில் நல்ல வீடு காலியிருக்கிறதே என்று கெஞ்சினேன். "அது மணலு சார், தண்ணியா இருக்குது?" என்று சிரித்தீர்கள். இன்று காலையிலிருந்து பெய்யும் மழையைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. சிரிக்கட்டும் எல்லோரும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

அன்புக்குரியவரே! அஞ்சா நெஞ்சரே! தாங்கள் நோயின்றி, நொடியின்றி, கண்ணொளி குன்றாமல், காலுறுதி தளராமல், உண்ணும் சோறு உடலில் ஒட்டி, உறங்கும் உறக்கம் கனவின்றிக் கழிந்து, நூறாண்டும் அதற்கு மேலும் வாழ்க! மாதம் ஒருமுறையேனும் இக்கச்சேரிக்கு வருக! வரும்போது அந்த வாசற்படியில் நிற்காமல் நேரே உள்ளே வருக! என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைத்திருப்பேன்.

இனி ஒரு காரியம் பாக்கி. வழக்கப்படி இம்மடலின் அடியில் ஊழியர் அனைவரும் முன்பே கையொப்பமிட்டு, இடமும் நாளும் எழுதி, சட்டமிட்டுக் கொண்டுவந்திருக்க வேண்டும். நாங்கள் இடவில்லை. நடப்பதற்கு முன் சாட்சி போடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தங்களிடம் கற்றவர்கள் நாங்கள். அழைப்பில் இவ்விழா முற்றத்துப் பந்தலில் என்று அச்சிட்டிருந்தோம். மழை வந்து மேல்மாடிக்கு மாறிவிட்டது, பார்த்தீர்களா? ஆகவே இதன் அடிப்பகுதி இப்போது வெறுமையாக இருக்கிறது.

அந்த ஓரிக்கைப் புத்தகம் இதோ தங்கள் முன்னால் மேசைமேல் இருக்கிறது. பன்னிரண்டாம் பக்கத்தில் அடையாளம் வைத்திருக்கிறேன். பேனாவும் பக்கத்தில் இருக்கிறது, தங்கள் பேனாதான். நாளை முதல் அதைத் தொடத் தங்களுக்கு அதிகாரமில்லை. இன்று ஐந்து மணி வரை உண்டு. உத்தரவுப்படி அடிப்பதோ, அடிக்காமல் மூடுவதோ, அங்கே விடுபட்டிருக்கும் இரண்டு பெயர்களை எழுதுவதோ தங்கள் கையில். எதைச் செய்தாலும் நாளை ஒருவரும் திறந்து பார்க்க மாட்டோம். அதற்கு நான் பொறுப்பு.

நாங்கள் எல்லோரும் எழுந்து தாழ்வாரத்துக்குப் போகிறோம். கங்கையம்மாள் மட்டும் தூணோரம் இருக்கட்டும், அவள் கேட்டுக்கொண்டாள். மணியடிக்க வேண்டிய கோதண்டபாணியும் எங்களோடுதான் நிற்பார். இன்று மணியைத் தொட வேண்டாமென்று சொல்லியிருக்கிறேன். ஆற்றுப் பக்கமிருந்து மணி கேட்டதும் உள்ளே வந்து ஒவ்வொருவராகக் கையொப்பமிடுவோம்.

இடம்:

நாள்:

சாட்சிகளாக நின்ற உடனூழியர்: